கொன்ச்சிட்டா சின்ட்ரோன்: காளைப்போர் வீராங்கனையின் வாழ்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காளைப்போர் வரலாற்றில் பெண்களைப் பற்றிப் பேச்சு எழும்போது முதலில் வரும் பெயர்களுள் ஒன்று கொன்ச்சிட்டா சின்ட்ரோன். அவரைப் பற்றித் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரு பத்திச் செய்திகள்தாம். அவற்றைப் படித்தவர்களுக்கு இயல்பாக எழும் கேள்விகளுக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். குதிரைமேல் இருந்தபடி காளையோடு போரிடப் பெண்ணுக்கு அனுமதி உண்டு, குதிரையை விட்டு இறங்கினால் அதுவே குற்றம் என்ற ஒரு விதி ஸ்பெயினில் இவருக்குக் குறுக்கே நின்றது. அந்த விதியைப் புரிந்துகொண்டால்தான் இவருடைய பெருமையும் புரியும்.

கொன்ச்சிட்டா சின்ட்ரோன் என்பவர் யார்?

1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா துறைமுக நகரில் பிறந்து, பெருவின் தலைநகரான லிமாவில் வளர்ந்து, 1930களின் பிற்பகுதி முதல் 1950 வரை தென் அமெரிக்கா, மெக்சிகோ, போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அரங்குகளில் காளைகளை எதிர்கொண்டவர். 'பொன்னிறத் தேவி' என்ற பொருள்படும் 'லா டியோசா ரூபியா' என்ற பட்டப்பெயர் இவருக்கு உண்டு. தன் வாழ்நாளில் சுமார் 750 காளைகளைக் கொன்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2009 பிப்ரவரி 17 அன்று லிஸ்பனில், 86ஆம் வயதில் காலமானார்.

பட்டப்பெயரை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பொன்னிற முடியும் நீலக் கண்களும் சுவரொட்டி அச்சிட்டவர்களுக்கு உதவியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பணம் கொடுத்து அரங்குக்கு வந்த கூட்டம் காளைப்போரின் நுட்பம் அறிந்த கூட்டம்; ஒரு வீச்சு பிசகினாலும் சீழ்க்கை அடித்து விரட்டும் கூட்டம். அவர்கள் முன்னால் பத்தாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு அழகு காரணமாக இருக்க முடியாது.

சிலியில் பிறந்தவரை ஏன் பெரு நாட்டவர் என்கிறார்கள்?

தந்தை புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர், அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் பயின்றவர். தாய் லோலா வெரில் அமெரிக்கர். கொன்ச்சிட்டா சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் லிமாவில் குடியேறிவிட்டது. குதிரையேற்றம் கற்றதும், காளையை முதன்முதலில் எதிர்கொண்டதும், இரசிகர்கள் அவரைத் தங்கள் பெண்ணாகக் கொண்டாடியதும் அங்கேதான். அதனால் பெருவின் வீராங்கனை என்று சொல்வதே பொருத்தம்.

காளைப்போர் எப்படி நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இவருடைய கதையைப் படிக்க முடியாதா?

படிக்கலாம், ஆனால் அவர் செய்தவற்றின் எடை தெரியாமல் போய்விடும். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

வழக்கமான ஒரு மாலை நிகழ்ச்சியில் மூன்று வீரர்கள், ஆளுக்கு இரண்டாக ஆறு காளைகளை எதிர்கொள்வார்கள். ஒவ்வொரு காளைக்கும் மூன்று கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் குதிரைமேல் வரும் பிகடோர்கள் ஈட்டியால் காளையின் பிடரித் தசையைக் குத்தி அதன் தலை நிமிர்வைக் குறைப்பார்கள். அடுத்த கட்டத்தில் வண்ணத்தாள் சுற்றிய கொக்கிக் குச்சிகளை இணை இணையாகத் தோளில் குத்துவார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் மத்தடோர் எனப்படும் தலைமை வீரர், கோலில் மாட்டிய சிவப்புத் துணியோடும் வாளோடும் தனியாக நிற்பார். அந்தத் துணிக்கு முலேட்டா என்று பெயர். காளைக்குச் சிவப்பு நிறம் தனியாகத் தெரியாது. துணியின் அசைவைத்தான் அது துரத்துகிறது.

இன்னொரு செய்தி மிக முக்கியமானது. போருக்கென வளர்க்கப்படும் காளைகள் நான்கு ஆண்டுகள் பரந்த மேய்ச்சல் நிலத்தில் வளர்கின்றன. அந்தக் காலம் முழுவதும் அவற்றைக் குதிரைமேல் இருப்பவர்களே மேய்த்து நடத்துவார்கள்; தரையில் நின்று துணி வீசும் மனிதனைக் காளை பார்க்கவே விடமாட்டார்கள். ஏனென்றால் காளை விரைவில் கற்றுக்கொள்ளும் விலங்கு. துணிக்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்பதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், அடுத்த முறை துணியை விட்டுவிட்டு ஆளைக் குத்தும். அரங்கில் அதற்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குட்பட்ட பாடம். அந்தப் பாடத்தைக் காளை படித்து முடிப்பதற்குள் வீரர் தன் வேலையை முடித்தாக வேண்டும். தரையில் நிற்பதன் ஆபத்து முழுவதும் இந்தக் காலக்கணக்கில் இருக்கிறது.

குதிரைமேல் இருந்து காளையை எதிர்கொள்வது இதிலிருந்து எப்படி வேறுபட்டது?

குதிரைமேல் செய்யப்படும் கலைக்கு ரெஹோனேயோ என்று பெயர். இது பழைய பிரபுக்குலத்தாரின் வழக்கம். தரையில் நின்று போரிடும் முறை பெருமளவு எளிய மக்களிடையே 18ஆம் நூற்றாண்டில் வளர்ந்து நிலைபெற்றது. ரெஹோனேயோவில் வீரர் குதிரையைக் காளையின் கொம்புக்கு ஓர் அடி தூரத்தில் வளைத்துத் திருப்பியபடி, நீண்ட மரக்கைப்பிடி கொண்ட ஈட்டியைத் தோளில் பாய்ச்சுவார். குதிரையின் உடலில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் தேர்ச்சியின் அளவுகோல். காளையின் கொம்பு நுனி பெரும்பாலும் மழுக்கப்பட்டிருக்கும்.

இதை எளிது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஈட்டி, இரு முழங்கால்களின் அழுத்தத்தாலேயே குதிரைக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஆனால் தரையில் நிற்பவருக்கும் காளைக்கும் நடுவில் ஒரு துணியைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் உண்மை.

கொன்ச்சிட்டாவின் தனித்தன்மை, அவர் இரண்டையும் ஒரே காளையிடம் செய்தார் என்பதே. முதலில் குதிரைமேல் இருந்து ஈட்டிகளைப் பாய்ச்சுவார். பின் இறங்கி, குதிரையை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, முலேட்டாவையும் வாளையும் வாங்கிக்கொண்டு தரையில் முடிப்பார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

லிமாவில் குதிரையேற்றப் பள்ளி நடத்திவந்த ருய் டா கமரா என்ற போர்ச்சுகீசியர். போர்ச்சுகலின் பழைய குதிரையேற்ற மரபில் ஊறியவர் அவர். அந்நாட்டு மரபில் குதிரைமேல் இருப்பவருக்கே முதலிடம். அங்கே அரங்கினுள் காளையைக் கொல்வதும் இல்லை. சிறுமியாக அவருடைய பள்ளியில் சேர்ந்த கொன்ச்சிட்டாவிடம் ஆசிரியர் முதலில் வளர்த்தது வீரத்தை அல்ல, சேணத்தில் அசையாமல் அமரும் பழக்கத்தை. கால் சரியாக அமர்ந்த பிறகுதான் காளையைப் பற்றிய பேச்சே வந்தது. ஏறத்தாழ 15 வயதில் லிமாவின் ஆச்சோ அரங்கில் பொதுமக்கள் முன் இறங்கினார். அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய காளைப்போர் அரங்கு அது, 1766இல் கட்டப்பட்டது.

ஆசிரியரும் அவருடைய குடும்பத்தாரும் பின்னர் வந்த பயணங்களிலும் உடன் சென்றார்கள். பதின்ம வயதுப் பெண் ஒருத்தி கண்டம் விட்டுக் கண்டம் சென்று அரங்கேறுவதற்கு அந்தத் துணை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை அக்காலத்தை அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

மெக்சிகோவுக்கு ஏன் சென்றார்?

தரையில் நிற்பதற்கு. மெக்சிகோவில் பெண்கள் தரையில் நின்று போரிடத் தடை இல்லை; அங்கே கூட்டமும் பெரிது, அரங்குகளும் மிகுதி. 1930களின் இறுதியில் அங்கு சென்ற கொன்ச்சிட்டா, அடுத்தடுத்த பருவங்களில் நாடெங்கும் போரிட்டார். அவர் முழுமையான வீராங்கனையாகத் தேர்ந்தது மெக்சிகோவின் மண்ணில்தான் என்பது என் கருத்து. லிமா அவருக்குக் குதிரையைக் கொடுத்தது. தரையில் நிற்கும் கால்களைக் கொடுத்தது மெக்சிகோ.

அவருக்குக் காயம் ஏற்பட்டதுண்டா?

உண்டு. மிகுதியாகப் பேசப்படுவது மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் நடந்தது. காளையின் கொம்பு தொடையில் பாய்ந்து, அவரை அரங்கின் மருத்துவ அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். அவர் மருத்துவர்களின் பிடியை விடுவித்துக்கொண்டு மீண்டும் மணலுக்கு வந்து, அதே காளையைக் கொன்று முடித்துவிட்டு, நினைவிழந்து விழுந்தார். அதன் பிறகே அறுவை மருத்துவம் நடந்தது.

தொடைக் காயத்தை எளிதாக எண்ணிவிடக் கூடாது. காளைப்போர் வீரர்கள் அஞ்சுவது அந்த இடத்தைத்தான். கொம்பு தொடையின் பெரிய தமனியைக் கிழித்துவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பென்சிலின் பரவலாகக் கிடைப்பதற்கு முன், காயத்தில் பிழைத்தவர்களும் கொம்பு உள்ளே கொண்டுசென்ற அழுக்கினால் சீழ்பிடித்து இறந்திருக்கிறார்கள். மாட்ரிட்டின் லாஸ் வெண்டாஸ் அரங்குக்கு வெளியே பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் முன் ஒரு வீரர் தொப்பியைக் கழற்றி வணங்கி நிற்கும் சிலையும் இருக்கிறது. நன்றியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்பெயினில் பெண்களுக்கு ஏன் தடை இருந்தது?

1908 ஜூலையில் ஸ்பெயினின் உள்துறை அமைச்சர் ஹுவான் டி லா சியர்வா ஓர் ஆணை பிறப்பித்தார். பெண்கள் காளைப்போரில் இறங்குவது பண்பாட்டுக்கும் மென்மையான உணர்வுகளுக்கும் எதிரான காட்சி என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். ஆண்கள் இறங்குவது அந்த மென்மையான உணர்வுகளை ஏன் புண்படுத்தவில்லை என்பதற்கு ஆணையில் விளக்கம் இல்லை. குடியரசு ஆட்சியில், 1934இல், தடை தளர்ந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி வந்ததும் தடையும் திரும்பி வந்தது. ஆயினும் குதிரைமேல் இருந்து போரிடுவதற்குப் பெண்களை அனுமதித்தார்கள்.

1945 வாக்கில் கொன்ச்சிட்டா ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரியத் தீபகற்பத்துக்கு வந்தபோது அவரை எதிர்கொண்ட விதி இதுதான். ஆகவே ஸ்பெயின் மக்கள் அவருடைய கலையில் பாதியைத்தான் பார்த்தார்கள். குதிரைமேல் ஈட்டியைப் பாய்ச்சி முடித்ததும் அவர் விலகிவிட வேண்டும். தரையில் நின்று காளையைக் கொல்ல, நோவியேரோ எனப்படும் இளநிலை வீரர் ஒருவர் காத்திருப்பார். தான் தொடங்கியதை வேறொருவர் முடிப்பதைச் சேணத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, நூற்றுக்கணக்கான காளைகளைத் தன் கையால் முடித்த ஒருவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அப்படியானால் 1908க்கு முன் பெண்கள் போரிட்டார்களா?

போரிட்டார்கள். ஓவியர் கோயா 1816இல் வெளியிட்ட காளைப்போர்ச் செதுக்கோவிய வரிசையில், பஹுவெலேரா என்று அழைக்கப்பட்ட ஒரு பெண் சரகோசா அரங்கில் குதிரைமேல் இருந்து காளையை ஈட்டியால் குத்தும் காட்சி உள்ளது. அதற்கு அவர் இட்ட தலைப்பு அந்தப் பெண்ணின் 'ஆண்மை மிக்க வீரம்' என்பதாகத் தொடங்குகிறது. பாராட்டும்போதுகூட ஆண்மை என்றுதான் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. நம் மொழியிலும் அந்த வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை.

1908 ஆணை வந்தபோது புகழோடு இருந்தவர் 'லா ரெவெர்த்தே' என்ற பெயரில் போரிட்ட மரியா சலோமே. தடை வந்ததும் அவர், தான் உண்மையில் ஓர் ஆண் என்று அறிவித்து, அகஸ்தின் ரோட்ரிகஸ் என்ற பெயரில் தொடர்ந்து போரிட முயன்றார். எது உண்மை என்ற வழக்கு இன்றும் வரலாற்றாசிரியர்களிடையே தீரவில்லை. பெயரை மாற்றிய பிறகு, பழைய புகழ் மட்டும் திரும்பவில்லை.

ஹயேன் நகரில் நடந்தது என்ன?

1950இல், தென் ஸ்பெயினின் ஹயேன் நகரில், கொன்ச்சிட்டாவின் கடைசி நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது அமைந்தது. அக்டோபர் மாதத்தில் நடக்கும் புனித லூக்கா திருவிழாவுக்கு அந்நகரம் பெயர் பெற்றது. அன்று அவர் குதிரைமேல் இருந்து செய்ய வேண்டியதைச் செய்து முடித்தார். பின் அரங்கின் தலைவர் அமர்ந்திருக்கும் மாடத்துக்குக் கீழே குதிரையைச் செலுத்தி நிறுத்தி, இறங்கித் தரையில் நின்று போரிட அனுமதி கேட்டார். காளைப்போரில் அரங்கத் தலைவர் என்பவர் அரசின் ஆள். கைக்குட்டையை அசைத்து ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கிவைப்பதும் பரிசளிப்பதும் அவருடைய அதிகாரம். அனுமதி மறுக்கப்பட்டது.

கொன்ச்சிட்டா குதிரையைத் திருப்பினார். வெளியேறும் வாயிலை நோக்கிச் செல்கிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கக்கூடும். அவரோ குதிரையை விட்டு இறங்கினார். காளையைக் கொல்லக் காத்திருந்த இளநிலை வீரரிடம் இருந்து முலேட்டாவையும் வாளையும் வாங்கிக்கொண்டு காளையை நோக்கி நடந்தார். துணியால் அதை வளைத்து வளைத்துத் திருப்பி, கொல்லும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வாளை உயர்த்திக் குறிபார்த்தார். பிறகு வாளைக் கையில் இருந்து நழுவவிட்டார். காளை பாய்ந்தது, வாள் இறங்க வேண்டிய அந்தத் தோளிடுக்கை அவர் விரல்களால் தொட்டு அதைத் தன்னைக் கடந்து போகவிட்டார்.

கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. வெளியே வந்ததும் விதியை மீறியதற்காக அவரைக் கைது செய்தார்கள். மக்கள் எழுப்பிய எதிர்ப்பைக் கண்டு, விரைவிலேயே மன்னித்து விடுவித்தார்கள். அத்துடன் அவர் அரங்க வாழ்விலிருந்து விலகினார்.

அவர் ஆண் வீரர்களைப் போல மின்னும் உடையை அணிந்தாரா?

இல்லை. படங்களில் அவரைப் பெரும்பாலும் அண்டலூசிய நாட்டுப்புறக் குதிரைவீரர் உடையில் காணலாம்: இடுப்பளவு குறுஞ்சட்டை, தட்டையான அகல விளிம்புத் தொப்பி, கால்களுக்கு மேல் தோல் மூடி. பொற்சரிகை வேய்ந்த இறுக்கமான உடை தரையில் போரிடும் மத்தடோர்களுக்கு உரியது.

ஹுவானிட்டா குரூஸ் என்பவர்தான் உண்மையான முன்னோடி என்று சிலர் சொல்கிறார்களே?

அந்தக் கூற்றில் நியாயம் இருக்கிறது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஹுவானிட்டா குரூஸ் 1917இல் மாட்ரிட்டில் பிறந்தவர். கொன்ச்சிட்டாவுக்கு ஐந்து வயது மூத்தவர். குடியரசு ஆட்சியில் தடை தளர்ந்ததில் அவருடைய விடாமுயற்சிக்கும் பங்குண்டு. தரையில் நின்று போரிடுவதே அவருடைய தொழில். 1936 ஏப்ரலில் லாஸ் வெண்டாஸ் அரங்கிலேயே போரிட்டார். மூன்று மாதத்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்று, 1940இல் மெக்சிகோவின் ஃபிரெஸ்னியோ நகரில் முழுநிலை மத்தடோராகப் பட்டம் ஏற்றார். இந்தப் பட்டமேற்புச் சடங்குக்கு அல்டர்நடிவா என்று பெயர். மூத்த வீரர் ஒருவர் தன் வாளையும் முலேட்டாவையும் இளையவர் கையில் ஒப்படைப்பார். ஹுவானிட்டா அரங்கில் கால்சட்டை அணியாமல், அதே சரிகை வேலைப்பாடுள்ள பாவாடை போன்ற உடையைத் தைத்து அணிந்தார்.

தாய்நாடான ஸ்பெயினில் மட்டும் அவருக்கு அரங்கக் கதவு மீண்டும் திறக்கவில்லை. 1981இல் மாட்ரிட்டில் இறந்தார். அல்முதேனா கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதியின்மேல் அவர் வீராங்கனை உடையில் நிற்கும் சிலை இருக்கிறது. 1940களிலும் 50களிலும் காளைப்போரைத் தரம் தாழ்த்தியவர்கள் என் நாட்டில் எனக்கு இழைத்த தீங்கையும் மீறி, ஸ்பெயினுக்கு இதை அர்ப்பணிக்கிறேன் என்ற பொருளில் அதில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். காளையைக் கொல்லப்போகும் முன் வீரர் தொப்பியை நீட்டி யாருக்கேனும் அதை அர்ப்பணிப்பது அரங்க வழக்கம். கல்லறை வாசகம் அந்த வழக்கத்தின் சொல்லிலேயே அமைந்திருக்கிறது.

கொன்ச்சிட்டாவுக்குக் குதிரை இருந்தது. அதனால் ஸ்பெயினின் கதவு அவருக்குப் பாதியாவது திறந்தது. ஹுவானிட்டாவுக்கு அதுவும் இல்லை. இருவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த விதியின் முழு உருவம் தெரிகிறது.

ஓய்வுக்குப் பின் கொன்ச்சிட்டா என்ன செய்தார்?

1951இல் போர்ச்சுகீசியப் பிரபுக்குலத்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ டி காஸ்டெலோ பிராங்கோவை மணந்து போர்ச்சுகலில் வாழ்ந்தார். பிள்ளைகளை வளர்த்தார், கட்டுரைகள் எழுதினார். 1968இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நினைவுக்குறிப்புகளுக்குத் திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் முன்னுரை எழுதினார். ஆண்களோடு போட்டியிடும் பெண் தன் பெண்மையில் எதையோ இழந்தாக வேண்டும் என்று வாதிட்ட எங்கள் ஒவ்வொருவருக்கும் இவருடைய சாதனை ஒரு கண்டனம் என்ற கருத்தை அவர் அதில் சொல்லியிருக்கிறார்.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. போர்ச்சுகல் நாட்டு மீனவர்களோடு கடலில் நீந்தி வலை இழுத்த ஒரு நாய் இனம், அதாவது போர்ச்சுகீசிய வாட்டர் டாக், அழியும் நிலையில் இருந்தது. அதைக் காப்பாற்றி வளர்த்த கப்பல் தொழிலதிபர் வாஸ்கோ பென்சாவுதே இறந்தபின், அவருடைய நாய்கள் கொன்ச்சிட்டாவின் பொறுப்புக்கு வந்தன. அவரிடமிருந்து 1968இல் அமெரிக்கத் தம்பதி ஒருவர் வாங்கிச் சென்ற குட்டியில் இருந்துதான் அந்நாட்டில் அந்த இனம் வேரூன்றத் தொடங்கியது. 2009 ஏப்ரலில் ஒபாமா குடும்பம் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்த 'போ' அதே இனம். கொன்ச்சிட்டா இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெண்களுக்கான தடை எப்போது நீங்கியது? அதன்பின் நிலைமை மாறியதா?

அலிகாந்தேயைச் சேர்ந்த காளைப்போர் வீராங்கனை ஆன்ஹெலா எர்னாண்டஸ் தொடுத்த சட்டப் போராட்டத்தின் விளைவாக 1974இல் ஸ்பெயினில் தடை நீங்கியது. கொன்ச்சிட்டாவின் ஓய்வுக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

சட்டம் விலகியதும் வழக்கம் முன்னே வந்து நின்றது. மாட்ரிட்டில் தீயணைப்பு வீரராகவும் அரங்கில் உதவி வீரராகவும் இருந்தவரின் மகள் கிறிஸ்டினா சான்செஸ், சிகையலங்காரத் தொழிலை விட்டுக் காளைப்போர்ப் பள்ளியில் சேர்ந்தார். 1996 மே 25 அன்று பிரான்சின் நீம் நகரில் உள்ள உரோமானிய அரங்கில், மூத்த வீரர் குர்ரோ ரொமேரோவின் கையால் பட்டம் ஏற்று, ஐரோப்பாவில் முழுநிலை மத்தடோர் ஆன முதல் பெண் ஆனார். அடுத்த ஆண்டு மரி பாஸ் வேகா ஸ்பெயின் மண்ணிலேயே பட்டம் ஏற்றார். ஆனால் பெண்ணோடு ஒரே அட்டவணையில் பெயர் வருவதை ஆண் வீரர்கள் சிலர் விரும்பவில்லை. மூன்று பேர் சேர்ந்தால்தான் நிகழ்ச்சி. இருவர் மறுத்தால் மூன்றாமவருக்கு ஒப்பந்தமே இல்லை. பட்டமேற்று மூன்றே ஆண்டுகளில், 1999இல், கிறிஸ்டினா இந்தக் காரணத்தையும் சொல்லித்தான் விலகினார். 2016 ஆகஸ்டில் குவேங்கா நகரில் குழந்தைகளின் புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்ட ஒரே ஒரு நாள் திரும்பி வந்தார்.

கொன்ச்சிட்டா இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுவிட்டுத்தான் போனார். 1991இல், அதே நீம் அரங்கில், மரியா சாரா என்ற பிரெஞ்சுக் குதிரைவீராங்கனை பட்டம் ஏற்றபோது, அதை ஒப்படைத்த மூத்தவர் அவர்தான்.

காளையைக் கொல்லும் விளையாட்டில் ஈடுபட்ட ஒருவரைப் போற்றலாமா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. காளை துன்புறுகிறது; இறுதியில் சாகிறது; அதை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. சிலி போன்ற நாடுகளில் இது வெகுகாலமாகவே தடைசெய்யப்பட்டுள்ளது. கொலம்பிய நாடாளுமன்றம் 2024இல் தடைச்சட்டம் இயற்றியது. நான் அரங்கின் இருக்கையில் அமர்ந்து அதைப் பார்க்க விரும்பமாட்டேன்.

ஆயினும் 1908 ஆணையும் ஃபிராங்கோ காலத்து விதியும் காளையின்மேல் இரக்கம் கொண்டு பிறந்தவை அல்ல. அவற்றால் ஒரு காளையும் உயிர் பிழைக்கவில்லை. பெண்ணின் கையில் சாக வேண்டிய காளை ஆணின் கையில் செத்தது, அவ்வளவுதான். விலங்குக்காக வாதாடுவது ஒரு வழக்கு. பெண்ணுக்கு மட்டும் கதவை அடைத்ததைக் கேள்வி கேட்பது இன்னொரு வழக்கு. இரண்டிலும் ஒருசேர உறுதியாக நிற்க முடியும் என்றே நம்புகிறேன்.

இதோடு தொடர்புடைய ஒன்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. காளை வளர்ப்போர், காளையின் துணிவு தாயிடமிருந்து வருகிறது என்று நம்புகிறார்கள். அதனால் ஏறத்தாழ இரண்டு வயதில் பசுங்கன்றுகளைத்தான் துணி வீசிச் சோதிப்பார்கள். துணிவுள்ளவை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு நிற்கும். தொழுவத்தில் தாயின் துணிவையே நம்பிய அந்தத் தொழில், பல பத்தாண்டுகள் அரங்கின் வாயிலில் பெண்ணை நிறுத்தி வைத்தது.

ஹயேனில் காளையைக் கொல்லாமல் ஏன் வாளைக் கீழே விட்டார்?

கொல்லும் திறன் இல்லாததால் அல்ல என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். கொல்லும் நொடி எப்படிப்பட்டது என்று அறிந்தால் அவருடைய செயல் விளங்கும் என்று நினைக்கிறேன்.

காளை முன்னங்கால்களைச் சேர்த்து, தலையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். அப்போதுதான் தோளெலும்புகளுக்கு நடுவே வாள் நுழையும் சிறு இடைவெளி திறக்கும். வீரர் இடக்கையில் உள்ள துணியைத் தாழ்வாகக் குறுக்கே நீட்டிக் காளையின் தலையைத் தன் வலப்பக்கமாக இழுத்தபடி, வலக்கை வாளோடு கொம்புகளுக்கு மேலாகச் சாய்வார். கைகள் இரண்டும் குறுக்காக அமையும் அந்த அசைவைச் சிலுவை என்கிறார்கள். சிலுவை இடாதவனைப் பேய் தூக்கிப் போகும் என்பது அந்தத் தொழிலின் பழமொழி. அந்த ஒரு நொடியில் வீரரின் கண் தோளில் இருக்கும். கொம்பை அவரால் பார்க்க முடியாது. காளை தலையைச் சற்று நிமிர்த்தினாலும் கொம்பு வயிற்றிலோ மார்பிலோ இறங்கும். காளைப்போரின் ஆபத்து உச்சம் கொள்வது அங்கேதான்.

கொன்ச்சிட்டா அந்த நொடி வரைக்கும் சென்றார். எந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது என்றார்களோ அந்தத் தரையில் நின்று, ஓர் ஆண் மத்தடோர் ஏற்கும் ஆபத்து முழுவதையும் ஏற்றார். கையில் வாள் இருந்தாலாவது காளையைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு உண்டு. அதையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கொம்புகளுக்கு மேலாகச் சாய்ந்தார். மாடத்தில் இருந்தவரும், படிக்கட்டுகளில் நெருக்கியடித்து அமர்ந்திருந்த மக்களும், வாளைக் கொடுத்துவிட்டு நின்ற அந்த இளைஞரும் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய விரல்கள் காளையின் தோளில் சரியாக அந்த இடத்தில் பட்டன.